மலையகத்துக் காதலுக்கும் ஓர் ஏடு வேண்டும்

எலிசபெத் பரெட் பிரௌனிங் எழுதிய 44 காதற் கவிதைகளை ஆங்கில இலக்கியம் பயின்றோர் அறிவர். ஒவ்வொன்றும் 14 வரிகள் கொண்ட ‘சொனெட்’. லண்டனில் தந்தையின் இல்லத்தில் நோயுற்றிருந்த அவர், கவிஞர் ரொபர்ட் பிரௌனிங்கைக் காதலித்த 1845, 1846ஆம் ஆண்டுகளில் எழுதியவை அவை. தந்தை அறியாமல் 1846 செப்டெம்பரில் திருமணம் நடந்தது. 1850இல் கவிதைகள் அச்சேறின. சொந்த மனத்தை ஊரறியக் காட்டக் கூசி, போர்த்துக்கேய மொழியிலிருந்து பெயர்த்தவை என்று தோன்றும்படி தலைப்பிட்டார்கள்.

பரெட் குடும்பத்தின் செல்வம் ஜமெய்க்காவின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளின் உழைப்பால் விளைந்தது. எலிசபெத் அடிமை முறையைக் கண்டித்துக் கவிதை எழுதியவர் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆயினும் தோட்டப் பணம் தந்த கல்வியும் நூல்களும் ஓய்வும் அவரது காதலைக் காகிதத்தில் நிலைபெறச் செய்தன.

அதே 1840களில்தான் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து கண்டிச் சீமையின் கோப்பித் தோட்டங்களை நோக்கி நம்மவர்கள் காட்டுவழியே நடந்து வந்தார்கள். வழியில் மாண்டோர் பலர். எஞ்சியோர் மலையேறினார்கள், காதலித்தார்கள், பாடினார்கள். எழுதி வைக்கத்தான் ஆளில்லை.

அக்குறையைப் போக்க முயன்றவர் சி. வி. வேலுப்பிள்ளை. 1914இல் மடக்கொம்பரைத் தோட்டத்தில் பிறந்தவர். 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்றவர். தேயிலைத் தோட்ட வாழ்வை ஆங்கிலக் கவிதையாக்கிய அவரே, மலைநாட்டு மக்களின் பாடல்களையும் தேடித் திரட்டி நூலாக்கினார். 1984இல் அவர் மறைந்தார். அப்பணியை அதே வேகத்துடன் தொடர்ந்தவர்கள் மிகச் சிலரே.

பத்திரிகைத் தொழிலில் நான் கண்டது இது: அட்டனிலிருந்தோ நுவரெலியாவிலிருந்தோ வரும் செய்தி சம்பளப் போராட்டமாகவோ மண்சரிவாகவோ லயன் அறைகளின் அவலமாகவோ இருந்தால் இடம் கிடைக்கும். மாசி மாதத்தில் தோட்டந்தோறும் காமன் கூத்து நடக்கிறது. மன்மதன் எரிந்து சாம்பலாவதும் ரதி புலம்புவதும் அங்கே ஊரே கூடிக் கொண்டாடும் கதை. அதற்கு ஒரு சிறு பத்தி கிடைத்தால் பெரிது. கண்ணீரால் மட்டும் அறியப்படும் மக்களை உலகம் இரக்கத்தோடு நோக்கும், சமமாக நோக்காது.

சம்பளமும் காணியும் கிடைக்காத மக்களுக்குக் காதற்பாட்டு எதற்கு என்று சிலர் கேட்பர். சம்பளத்துக்கும் காணிக்கும் குரல்கொடுக்கத் தொழிற்சங்கங்கள் உண்டு. பாட்டுக்கு எவருமில்லை. பாடத் தெரிந்த மூதாட்டிகளோ ஒவ்வொருவராக மறைகிறார்கள்.

2023இல், மலையக மக்கள் வந்து 200 ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்கள். அந்த நினைவு நடையோடு நின்றுவிடலாகாது. மலையக ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இதுவே: மாணவர் ஒவ்வொருவரும் தம் பாட்டியிடம் ஒரு பாடலைக் கேட்டு எழுதி வரட்டும். பாடியவர் பெயர், தோட்டம், தேதி ஆகிய மூன்றும் அதன் கீழ் இருக்கட்டும். பிரௌனிங் அம்மையாரின் கவிதைகளை ஆங்கில வகுப்பில் படிக்கும்போது, பாட்டியின் பாட்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம்.