கோட்டை காணக் கொடுக்கும் காசு

பழைய கோட்டைகளையும் அரண்மனைகளையும் சோலைகளையும் காணச் செல்வோரிடத்து வாயிலிலே கட்டணம் வாங்கும் வழக்கம் இந்நாளில் பெரும்பாலும் எங்கும் பரவியுளது. அக்கட்டணத்திற்கு ஏற்ற பயன் காண்போர்க்கு உண்டா என்பது நம் மாணவரிடையே அடிக்கடி எழும் வினா. கல்விச் சுற்றுப்பயணத்திற்குப் பெயர் பதியும் நாட்களில் அது சற்று உரத்த குரலிலேயே எழும். இடிந்த சுவரைப் பார்க்க எதற்குப் பணம், நம் முன்னோர் கட்டியதை நாம் காண யாருக்கு என்ன கொடுக்கவேண்டும் என்பர் ஒரு சாரார். இலவசமாய்க் கிடைப்பதை எவரும் மதியார், ஆதலால் கட்டணம் வேண்டுவதே என்பர் மற்றொரு சாரார். இருவர் கூற்றும் அரை உண்மை என்பது எம் கருத்து. பொதுப்படப் பேசுதலை விட்டு ஓர் இடத்தை எடுத்துக்கொண்டு ஆராய்தல் நலம். விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சிக் கோட்டையையே எடுத்துக்கொள்வோம்.

மராட்டியப் போர்க்கோட்டைகள் பன்னிரண்டனுள் ஒன்றாக இதனை 2025-இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலிற் சேர்த்தது. அப்பன்னிரண்டனுள் தமிழ்நாட்டில் உள்ளது இஃதொன்றே. மத்திய தொல்லியல் துறையார் 2018-இல் வகுத்த விகிதப்படி, தம் பாதுகாப்பிலுள்ள முதல் வகைச் சின்னங்களைக் காண இந்தியர்க்கு 40 ரூபாயும், இரண்டாம் வகைக்கு 25 ரூபாயும் கட்டணமாயின. பதினைந்து வயதிற்குட்பட்டோர்க்குக் கட்டணம் இல்லை. ஒரு சினிமாக் காட்சிக்கு நாம் மனமுவந்து கொடுப்பதனோடு இதனை ஒப்பிட்டால் வழக்காடுதற்கே இடமில்லை எனத் தோன்றும். ஆயினும், தொகை சிறிது என்பதனால் மட்டும் பயன் உண்டு என்று ஆகிவிடாது. பயனற்ற பொருளுக்கு ஒரு ரூபாய் கொடுப்பதும் வீண் செலவே.

அங்கே காண்பது யாது? ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் நெடுமதில்கள் முக்கோணமாக இணைத்து நிற்கின்றன. அடிவாரத்திலே கல்யாண மகால், தானியக் களஞ்சியங்கள், குதிரை லாயங்கள், வேங்கடரமணர் கோயில், ஒரு பள்ளிவாசல் ஆகியவை உள. ராஜகிரி ஏறக்குறைய 800 அடி உயரமுள்ளது. அதன் உச்சியை அணுகுமிடத்தில், பாறை இயற்கையாகவே பிளந்து ஆழ்ந்த பள்ளமாய்க் கிடக்கின்றது. அதனைக் கடக்க ஒரு சிறு பாலம் உண்டு. பாலத்தை எடுத்துவிட்டால் உச்சியிலுள்ளோரை நெருங்க வழியில்லை.

சிவாஜி 1677-இல் இக்கோட்டையைக் கைக்கொண்டார். அவர் மைந்தர் ராஜாராம் 1689-இல் இங்கே வந்து புகல்கொள்ள, ஒளரங்கசீப்பின் தளபதியாகிய சுல்பிகார்கான் 1690-இல் முற்றுகையிட்டு, 1698-இலேதான் கோட்டையைக் கைப்பற்றினான். ராஜாராமோ அதற்கு முன்னரே தப்பிச் சென்றுவிட்டார். ஏட்டிலே இதனைப் படிக்கும் மாணவன் ‘எட்டாண்டு’ என்று குறித்துக்கொண்டு பரீட்சைக்குப் போகின்றான். அப்பாலத்தின்மீது நின்று பள்ளத்தை எட்டிப் பார்த்தவனுக்கோ, எட்டாண்டு ஏன் ஆயிற்று என்பதை எவரும் சொல்லவேண்டுவதில்லை.

இனி, கல்லை மட்டும் நம்பினாலும் பிழைபடுவோம். முற்றுகை நீண்டமைக்கு மதிலின் வலிமை ஒன்றே காரணமன்று. சுல்பிகார்கான் மனமொன்றிப் போர் செய்யாமல் மராட்டியருடன் உள்ளூர இணங்கியிருந்தான் என்று சரித்திர ஆசிரியர் பலர் ஐயுறுகின்றனர். பாசறைக்கு வந்திருந்த இளவரசன் காம்பக்ஷு ராஜாராமோடு மறைவில் பேச்சு நடத்தத் துணிந்து, மொகலாயத் தளபதிகளாலேயே சிறைப்படுத்தப்பட்டான். எட்டாண்டு தாங்கிய இதே கோட்டையை 1750-இல் புஸ்ஸி என்னும் பிரெஞ்சுத் தளபதி ஓர் இரவிலே பிடித்துக்கொண்டான். மதிலும் பள்ளமும் அன்றும் இருந்தன அல்லவா? இவ்விரு செய்தியையும் அறிந்து ஏறுபவனுக்கு ஒவ்வொரு வாயிலும் ஒரு வினாவாய் நிற்கும். அறியாது ஏறுபவனுக்கு மூச்சிரைப்பு ஒன்றே மிச்சம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தார் 1943-இல் வெளியிட்ட ஸ்ரீநிவாஸாசாரியாரின் செஞ்சிச் சரித்திரத்தைப் புரட்டிப் பாராமல் அங்கே செல்வோர்க்கு 25 ரூபாயும் அதிகமே.

தேசிங்குராஜன் பெயரைக் கேட்டே செஞ்சிக்குச் செல்வோரும் பலர். அவன் அங்கே ஆண்டது ஓராண்டும் நிரம்பாத காலம். 1714-இல் ஆர்க்காட்டு நவாபின் படையோடு பொருது மாண்டான். ஆண்டாண்டாக ஆண்ட நாயக்கர் பெயரைக் கேட்டால் விழிக்கும் நம்மவர், சில மாதமே ஆண்ட இவ்விளைஞனைப் பாட்டிலும் கூத்திலும் போற்றி வருகின்றனர். இஃது எனக்குக் குறையாகத் தோன்றவில்லை. ஆயின் அவன் கதையைக் கேட்டு வந்தோர் கீழே கல்யாண மகாலின் நிழலிலே அமர்ந்து, கட்டுச்சோற்றை உண்டு, படமெடுத்துக்கொண்டு மீளும்போது, அவர்தம் காசு வீணென்று நான் தயங்காது கூறுவேன். வாயிலிற் கொடுப்பது சிறு தொகை. ஒரு நாட்பொழுதும் முழங்காலின் நோவுமே அங்கே கொடுக்கவேண்டிய பெருந்தொகை.

கொடுத்த காசு எங்கே செல்கின்றது என்பதும் கேட்கத்தக்கதே. புதுச்சேரிக் கடற்கரையிற் காந்தியடிகள் சிலையைச் சூழ நிற்கும் அழகிய கற்றூண்கள் செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரரால் கொண்டுபோகப்பட்டவை. காவலற்ற இடத்திலே கருங்கல்லும் நடந்து போகும் என்பதற்கு வேறு சான்று வேண்டா. இக்காலத்தில் தூணைப் பெயர்ப்பாரில்லை. சுவரிலே தம் பெயரையும் தம் காதலியின் பெயரையும் பொறிப்பாரே உளர். அவருள் கற்றாரும் உண்டு என்பதை எழுதுங்கால் கை கூசுகின்றது. இத்தகையோரிடமிருந்து கல்லைக் காக்கும் காவலர்க்கு ஊதியம் எங்கிருந்தேனும் வரவேண்டுமன்றோ?

கல்லுக்கே இங்ஙனமாயின் மரத்துக்கும் செடிக்கும் சொல்லவேண்டுவதில்லை. கன்னியாகுமரி மாவட்டத்துப் பத்மநாபபுரம் அரண்மனை பெரும்பாலும் மரவேலை. நிலம் தமிழ்நாட்டினதாயினும் கேரள அரசின் தொல்லியல் துறையே அதனைப் பேணி வருகின்றது. மழையும் கரையானும் ஒரு தலைமுறையில் அழிக்கக்கூடிய அதனை, மிதியடியைக் கழற்றி வைத்துக் கட்டணமும் கொடுத்துக் காண்பதில் எவரும் குறைகூறக் கேட்டிலேன். உதகமண்டலத்துத் தாவரவியற் பூங்காவின் வரலாறு இவ்விஷயத்தில் இன்னும் சுவையுடையது. 1840-களில் அவ்வூர் ஐரோப்பியர் மாதம் மூன்று ரூபாய் சந்தா செலுத்தி, அதற்கு ஈடாகக் காய்கறி பெறுதற்பொருட்டு ஏற்படுத்திய தோட்டமே அதன் மூலம். பின்னர், இங்கிலாந்திலுள்ள கியூ தோட்டத்திற் பயின்ற மெக்கைவர் 1848-இல் வந்து அதனைப் பூங்காவாக அமைக்கத் தொடங்கினார். ஆகவே, காசு கொடாமற் கண்ட காலம் அத்தோட்டத்திற்குத் தொடக்கத்தில் இருந்ததில்லை. அன்று கொடுத்தவர் கையிலே கறிகாயோடு மீண்டனர். நாம் கண்ணிலே பசுமையோடு மீள்கின்றோம். தோட்டக்காரன் ஒரு திங்கள் வாளாவிருந்தால் அப்பசுமையும் இராது.

இவ்வளவும் கூறியது கட்டணம் வாங்குவோர் செய்வதனைத்தும் சரி என்பதற்கன்று. காசு வாங்கும் கை சிலவற்றைத் தரவும் கடமைப்பட்டது. எந்தச் சுவர் எவர் காலத்தது என்று நல்ல தமிழில் எழுதிய பலகைகள் வேண்டும். ஏறும் வழியிற் குடிநீரும், பெண்பாலார்க்கு ஒதுக்கிடமும் வேண்டும். நுழைவுச் சீட்டின் பின்புறத்தை வெற்றிடமாக விடாது, கோட்டையின் வரைபடம் ஒன்றை அச்சிட்டுக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? அன்றியும், ராஜகிரியின் மேல் கமலக்கண்ணியம்மன் கோயில் உளது. இதுபோன்ற இடங்களில் வழிபட வருவோரையும், மதிலோரத்திலேயே பிறந்து வளர்ந்த சிற்றூராரையும், வேடிக்கை பார்க்க வந்த வெளியூராரோடு ஒரே வரிசையில் நிறுத்திக் காசு கேட்டல் முறையன்று. தலைமுறை தலைமுறையாக அக்குன்றினைத் தம்மதென்று எண்ணியவர் வாயிலிலே அந்நியராவரேல், எத்தனை காவலர் இருப்பினும் கோட்டைக்குக் காப்பில்லை.

நம் கல்லூரி செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. சுற்றுப்பயணம் என்று ஒரே நாளில் நான்கு ஊரைத் தொட்டுவிட்டு ஓடுவதை விடுத்து, செஞ்சிக்கு முழுநாளையும் ஒதுக்கி, புறப்படுமுன் சரித்திர ஆசிரியர் இருமுறை அதுபற்றிப் பேச ஏற்பாடு செய்தல் வேண்டும். கட்டணமும் வண்டிச்செலவும் கொடுக்க இயலாத மாணவர்க்கு மாணவர் சங்கநிதியினின்றும் உதவலாம். பெயர் வெளிப்படாமல் உதவுவது மிக நன்று. வெயில் ஏறுமுன் அடிவாரத்தைச் சேர வேண்டுமாதலின், வண்டி விடியுமுன்னே கல்லூரி வாயிலை விட்டுப் புறப்படுதல் அவசியம்.