பார்க்கத் தகாத படமா, பார்க்கவிடக் கூடாத படமா?

மனத்தைக் கலக்கும் படமொன்று திரைக்கு வந்தவுடன் ஒரு சாரார் தவறாமற் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. வீட்டிலுள்ள துன்பம் போதாதென்றா கொட்டகைக்குப் போய்க் காசு கொடுத்து இன்னுந் துன்பந் தேடுகிறார்கள் என்பது அக்கேள்வி. கேட்பவர்கள் பெரும்பாலுங் கனவான்கள். பொதுமக்களின் ஒழுக்கத்துக்குக் காவலராகத் தம்மைத் தாமே நியமித்துக் கொண்டவர்கள். விடையையும் அவர்களே கூறிவிடுவர்: பார்ப்பவன் மனம் நோயுற்றது, அல்லது அவன் புதுமை மோகங் கொண்டவன், எவ்வாறாயினும் அவனை அவனிடமிருந்தே காப்பாற்றுதல் வேண்டும். குற்றஞ் சாட்டுபவரும் தீர்ப்பு வழங்குபவரும் ஒருவராகவே இருக்கும் இந்த வழக்கில், எதிரியின் சார்பில் ஒருவரேனும் எழுந்து பேசுதல் முறையன்றோ?

துன்பக் காட்சியை நாடுதல் சினிமா கொண்டுவந்த புது நோயன்று. பேயுருக் கொண்டு சுடுகாட்டைப் பாடிய காரைக்காலம்மையாரை அறுபத்துமூவருள் ஒருவராக வைத்துக் கும்பிடுகிறோம். பேய்கள் போர்க்களத்திற் கூழ் அட்டு உண்ணும் காட்சியைக் கலிங்கத்துப்பரணியில் வைத்த செயங்கொண்டாரைப் புலவர் பெருமான் என்கிறோம். அவ்வளவு தூரம் போவானேன்? காங்கேசன்துறை வி. வி. வைரமுத்து அவர்கள் அரிச்சந்திர மயான காண்டம் நடித்த காலத்தில், பகல் முழுதும் துலா மிதித்துத் தோட்டத்துக்கு நீர் இறைத்த கமக்காரர் இராக் கண்விழித்து அதைப் பார்த்தனர். அவர்கள் பார்த்தது என்ன? பாம்பு தீண்டி இறந்த பிள்ளையைச் சுமந்து சுடலைக்கு வந்து நிற்கும் தாய். அவளிடம் கால்பணமும் முழத்துண்டும் கேட்டு நிற்கும் தகப்பன். ஈற்றில் ஈசன் தோன்றிப் பிள்ளையை எழுப்புவார் என்பது சபையிலிருந்த சிறுவனுக்குந் தெரியும். ஆயினும் மூச்சடங்கிச் சபை இருந்தது ஈசன் வருமிடத்தில் அன்று, கூலி கேட்குமிடத்தில். அவ்விடத்தில் யான் நின்றால் என்ன செய்வேன் என்ற கேள்வி ஒவ்வொருவர் நெஞ்சிலும் வந்து குந்திக்கொண்டது. அந்தச் சபையை நோயாளர் கூட்டம் என்று எந்தக் கனவானும் எழுதியதாக யான் அறியேன்.

இதே கேள்வியை வேறொரு தேசத்திற் கேட்ட படமொன்றின் வரலாறு இங்கு சொல்லத் தக்கது. அதுவுங் கமக்காரரைப் பற்றியதே.

ஸ்பெயின் தேசத்தின் மேற்குப் புறத்தில், எஸ்திரமதூரா என்ற பகுதியில், லாஸ் உர்தெஸ் என்றொரு மலைநாடு உண்டு. வறுமைக்குப் பேர்போனது. 1922-ஆம் ஆண்டில் மன்னர் பதின்மூன்றாம் அல்போன்சோ குதிரையேறிச் சென்று அதனைப் பார்வையிட்டார். பதினோராண்டுகளின் பின், 1933-இல், லூயிஸ் புனுவல் என்பவர் அங்கே ஒரு படக்கருவியுடன் சென்றார். கண்ணைச் சவரக்கத்தியாற் கீறுங் காட்சியுடன் தொடங்கும் குறும்படமொன்றை 1929-இல் பாரிசில் வெளியிட்டுப் பெயரும் வசையும் ஒருங்கே பெற்றவர் அவர். இம்முறை பணங் கொடுத்தவர் ராமோன் அசின் என்ற ஆசிரியர். அதிட்டலாபச் சீட்டில் வெற்றி பெற்றால் உமது படத்துக்குத் தருவேன் என்று விளையாட்டாகச் சொல்லியிருந்தார். 1932 டிசெம்பரில் வெற்றியும் பெற்றார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அவ்வாறு பிறந்ததுதான் ‘அப்பமில்லா நிலம்’ என்ற, அரை மணி நேரத்துக்குட்பட்ட படம்.

அதில் வருங் காட்சிகளை எமது கமக்காரர் கவனித்தல் வேண்டும். ஆற்றோரத்தில் ஒரு கீலமாக அமைத்த வயல். வெள்ளம் வந்தால் வயலே அள்ளுண்டு போகும். பசளைக்கு மாடில்லை, மலையேறி இலை கொய்து சுமந்து வருகிறார்கள். இலைக்குள் விரியன் கடிக்கும். கடியால் இறப்பவர் சிலரே, கடிக்கு இட்ட மருந்தாற் புண் புரையேறி மடிபவரே பலர் என்கிறது படம். பள்ளிக்கூடத்திற் பிள்ளைக்கு அப்பத் துண்டொன்று கொடுக்கும் ஆசிரியர், அதைத் தம் கண்முன்னே தின்று முடிக்கச் செய்கிறார். வீட்டுக்குக் கொண்டுபோனால் பசித்த பெற்றோர் பறித்துவிடுவர். அப்பள்ளிக்கூடத்திலேயே, காலிற் செருப்பில்லாத பையன் ஒருவன் கரும்பலகையில் ஒரு நீதி வாக்கியம் எழுதுகிறான்: பிறர் சொத்தை மதித்து நடத்தல் வேண்டும் என்பது அதன் பொருள். படம் அதைக் காட்டிவிட்டு ஒன்றுஞ் சொல்லாமல் நகர்ந்து விடுகிறது.

ஒன்றுஞ் சொல்லாமல் நகர்தல் என்பதிலேதான் அப்படத்தின் வலிமை முழுதும் அடங்கியுள்ளது. எமது தமிழ்ப் படங்களில் ஏழை அழுதால் வயலினும் கூட அழும், நாமும் அழுவோம், அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, கடன் தீர்ந்தவர்போல வீடு செல்வோம். புனுவல் அந்தச் சலுகையை எமக்குத் தரவில்லை. நிலவளவை அறிக்கை வாசிப்பவர்போல ஒரு குரல் உணர்ச்சியின்றிச் சொல்லிக்கொண்டு போகிறது. அதன் பின்னணியில் பிராம்ஸ் என்ற இசைமேதையின் நான்காஞ் சிம்பொனி கம்பீரமாக ஒலிக்கிறது. காட்சி ஒருபுறம் இழுக்க இசை மறுபுறம் இழுக்கிறது. கண்ணீர் வருவதற்குப் பதிலாகக் கோபம் வருகிறது. யார்மீது கோபங் கொள்வது என்று படம் விரல் சுட்டாததால், பார்த்தவன் அக்கேள்வியை வீட்டுக்குக் காவிச் செல்கிறான். மரபுக்கு மாறான படங்களை மக்கள் நாடுவதற்குக் காரணம் யாது என வினவுவோருக்கு யான் கூறும் விடை இதுவே: ஏனைய படங்கள் அவனை விருந்தாளியாக உபசரிக்கின்றன, இவை யூரி ஆசனத்தில் இருத்துகின்றன. ஒரு முறை அந்த ஆசனத்தில் இருந்தவனுக்கு வெறும் உபசாரம் கசக்கும்.

இனி அப்படத்துக்கு நேர்ந்த கதியைப் பார்ப்போம். அம்மலைநாட்டின் முன்னேற்றத்துக்கென அமைந்த சபையின் தலைவராக இருந்தவர் டொக்டர் கிரெகோரியோ மரஞோன், மன்னரோடு குதிரையிற் போனவர், பெரும் வைத்தியர், கல்விமான். படத்துக்கு ஆதரவு கேட்டுப் புனுவல் அவரிடஞ் சென்றார். ஏன் எப்போதும் அவலட்சணத்தையே காட்டுகிறீர், கோதுமை ஏற்றிய வண்டிகளை யான் அங்கு கண்டிருக்கிறேனே, அயலூராகிய லா அல்பேர்க்காவின் அழகிய நடனங்களைக் காட்டினால் என்ன என்ற கருத்துப்பட அவர் மறுமொழி கூறினாராம். இது புனுவல் தரப்புச் சாட்சியம். மன்னராட்சி ஒழிந்து மக்கள் பெயரால் வந்த குடியரசோ, தேசத்துக்கு அவமானம் என்று கூறிப் படத்தைத் தடை செய்தது. பசியிருப்பது அவமானமாகத் தோன்றவில்லை. பசி தெரிவதே அவமானமாயிற்று. 1936-இல் உள்நாட்டுப் போர் மூண்ட பின்னரே ஸ்பானிய அரசின் பாரிஸ் தூதரகம் உதவ, படத்துக்கு ஒலி சேர்க்கப்பட்டது. அதே ஆண்டு ஓகஸ்டில், பணங் கொடுத்த ஆசிரியர் அசின், பிராங்கோவின் பக்கத்தாராற் சுட்டுக் கொல்லப்பட்டார்.

மறுதரப்பின் வலுவான வாதத்தை மறைப்பது நியாயவாதிக்கு அழகன்று. அப்படத்தில் மலையிலிருந்து ஓர் ஆடு தவறி விழுவதாகக் காட்டப்படுகிறது. ஆடு தவறி விழவில்லை, அது சுடப்பட்டது. துப்பாக்கிப் புகை திரையின் ஓரத்தில் தெரிகிறது. தேனீக்கள் கொட்டிச் சாகும் கழுதையும் படத்துக்கெனச் சாகடிக்கப்பட்டதே. தம்மை இழிவாகக் காட்டினார் என்று அம்மலைநாட்டு மக்களில் பலர் நெடுங்காலம் மனம் நொந்திருந்தனர். அந்த நோவிலும் நியாயம் உண்டு. சோடித்த தடயம் சோடித்த தடயந்தான். நோக்கம் நன்று என்று சொல்லி அதனைக் கழுவிவிட முடியாது. ஆனால் கேட்கிறேன்: அப்புகையைக் கண்டுபிடித்தவர் யார்? தடைவிதித்த மந்திரிமாரா? படத்தைப் பார்த்தவர்களே கண்டனர். சாட்சியை மன்றில் ஏற்றினாலன்றிக் குறுக்கு விசாரணை நடவாது. தடை நீடித்திருக்குமாயின் பசியும் மறைந்திருக்கும், புகையும் மறைந்திருக்கும்.

நல்லது, கற்றவர் பார்க்கட்டும், பாமரர் வேண்டாம் என்று நடுவழி சொல்வோரும் உளர். அதையும் ஒரு தேசம் செய்து பார்த்தது. அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்தில், பிரிட்ஜ்வோட்டர் என்னும் இடத்தில், குற்றஞ் சாட்டப்பட்ட மனநோயாளரை அடைத்து வைக்கும் அரசாங்க நிலையத்தைப் பிரெடெரிக் வைஸ்மன் 1966-இல் படம்பிடித்து, ‘டிட்டிக்கட் ஃபொலீஸ்’ என்ற பெயரில் 1967-இல் வெளியிட்டார். உணவு மறுத்த நோயாளியின் மூக்கிற் குழாய் செருகி உணவூட்டும் வைத்தியரின் வாயிற் சிகரெட் தொங்குகிறது. அதன் சாம்பல் உணவுக்குள் விழுமோ என்று நாம் பதைக்கிறோம். அக்காட்சியின் இடையிடையே, அதே மனிதனின் பிரேதத்துக்குச் சவரஞ் செய்து பெட்டியிலிடும் காட்சி செருகப்பட்டிருக்கிறது. உயிரோடிருந்தபோது கிடையாத கவனிப்புப் பிணத்துக்குக் கிடைக்கிறது. மாநில அரசு வழக்குத் தொடுத்தது. 1968-இல் நீதிபதி ஒருவர் படச்சுருளை அழிக்கவே கட்டளையிட்டார். 1969-இல் மேல்மன்றம் அதைத் தளர்த்தி, வைத்தியர், நியாயவாதிகள், நீதிபதிகள், சமூக சேவையாளர், இத்துறைகளைக் கற்கும் மாணவர் ஆகியோர் மாத்திரம் பார்க்கலாம் என்றது.

இப்பத்திரிகையை வாசிக்கும் டொக்டர் அவர்களே, நீங்கள் பார்க்கலாம். நியாயவாதியாகிய யானும் பார்க்கலாம். வெங்காயத் தறையில் நிற்கும் எங்கள் அயலவர் பார்க்கக் கூடாது. அம்மாநிலத்துக் கமக்காரன் வரி செலுத்தலாம். அவ்வரியில் நடக்கும் நிலையத்துள் நடப்பது யாதென அறியலாகாது! நிர்வாணமாக நிறுத்தப்பட்ட நோயாளரின் மானத்தைக் காக்கவே தடை என்றனர். அது வெறுஞ் சாட்டென்று யான் தள்ளிவிட மாட்டேன். சம்மதங் கொடுக்கும் நிலையில் இல்லாதவர்கள் அவர்கள். ஆயின், ஆண்டாண்டாக அவர்களை ஆடையின்றி வெறுந்தரையில் வைத்திருந்த அதே அரசுக்கு, அவர்களுக்கும் மானம் உண்டென்பது படக்கருவி வந்த பின்னரா நினைவுக்கு வந்தது? அந்நிலையத்தில் இறந்தோர் சிலரின் குடும்பத்தார் 1987-இல் வழக்காடினர். பொதுமக்கள் பார்க்கலாம் என்ற உத்தரவு 1991-இலே கிடைத்தது. 1966-இன் பின் மாற்றங்களும் முன்னேற்றங்களும் ஏற்பட்டுள்ளன என்ற குறிப்பைச் சேர்க்குமாறு மன்று பணித்திருந்தது. வைஸ்மன் மன்று அவ்வாறு பணித்தது என்பதை ஓர் எழுத்தட்டையிலும், பணித்த வாசகத்தை அடுத்த அட்டையிலும் போட்டுப் படத்தை முடித்தார். அதற்கு மேல் ஒரு சொல்லும் அவர் சேர்க்கவில்லை.

காவலர்களின் கண் எத்தகையது என்பதற்கு ஒரு சிறு கதை. 1961-இல் ‘விரிதியானா’ என்ற படத்தின் முடிவைப் பிராங்கோவின் தணிக்கையாளர் மறுத்தனர்: துறவு பூண விழைந்த பெண் மைத்துனன் அறைக்குட் செல்லக் கதவு மூடுவது தகாதென்றனர். புனுவல் பணிந்தார்; அவள் அங்கே சென்று, அவனுடனும் வேலைக்காரியுடனும் மூவராக அமர்ந்து சீட்டாடுவதாக மாற்றினார். தணிக்கையாளர் திருப்தியுற்றனர். உலகம் முழுதும் அதன் பொருளை விளங்கிச் சிரித்தது. கான் விழாவில் முதற்பரிசை மேடையேறி வாங்கிய ஸ்பானிய அதிகாரி பதவியிழந்தார். அவர் தேசத்தில் அப்படம் 1977 வரை திரையேறவில்லை.

குருதி காட்டிக் காசு பறிக்கும் படங்களுக்காக யான் வாதாட வரவில்லை. அவற்றிற் பிணங்கள் விழும்; எந்தப் பிணத்துக்கும் உரிமையாளர் இல்லை, பொறுப்பாளியும் இல்லை; அடுத்த பிணம் எப்போது என்பதே கேள்வி. அத்தகைய படங்களை எந்த அரசும் தேசத்துக்கு அவமானம் என்று தடுக்க விரைந்ததைக் காண்பது அரிது.

எமது தீவிலும் இவ்வழக்கு நடந்தது. பிரசன்ன விதானகே 1997-இல் ‘புரஹந்த களுவர’ என்ற சிங்களப் படத்தை எடுத்தார். ஜோ அபேவிக்ரம அதிற் கண்பார்வையற்ற முதியவராக நடித்தார். போருக்குப் போன மகன் முத்திரையிட்ட பெட்டியில் வருகிறான். அடக்கம் முடிகிறது. நட்டஈட்டுப் பத்திரத்திற் கையொப்பமிடுமாறு ஊரும் உறவும் நெருக்குகின்றன. மகன் இறந்தான் என்பதை அவர் ஒப்பவில்லை. ஈற்றில் குழியைத் தோண்டிப் பெட்டி திறக்கப்படுகிறது. மகனின் உடல் அதனுள் இல்லை. போர் நிலைமையைக் காரணங் காட்டி 2000-இல் அரசு படத்தை நிறுத்திற்று. நெறியாளர் உயர் நீதிமன்றஞ் சென்றார். 2001-இல் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. திரையிட்டபோது மக்கள் திரண்டு சென்று பார்த்தனர். பாட்டில்லை, சண்டையில்லை, கதாநாயகனோ குருட்டுக் கிழவன், ஆயினும் சென்றனர்.

எம்மவருட் பலர் அதனை இன்னும் பார்த்ததில்லை. சிங்களப் படம் என்று ஒதுக்கியவர் உளர். சோகப் படம் என்று தவிர்த்தவரும் உளர். ஊர்தோறும் உள்ள வாசிகசாலைகளும் சனசமூக நிலையங்களும் ஓரிரவு அதனைக் காட்டுதல் வேண்டும். பெட்டியைத் திற என்று நிற்கும் அத்தகப்பனின் பாஷை விளங்கவில்லை என்று, பிள்ளையின் படத்தைக் கையிற் பிடித்தபடி ஆண்டுக்கணக்காகத் தெருவோரத்திற் குந்தியிருந்த எந்தத் தாயுஞ் சொல்லப் போவதில்லை. கருவியும் திரையும் கிடைப்பது இப்போது கடினமன்று. மண்டபத்தின் திறப்புத்தான் வேண்டும். அது யார் கையில் இருக்கிறதென்பது அந்தந்த ஊராருக்குத் தெரியும்.