அக்காவின் ரொட்டியும் ஆஸ்பத்திரித் துண்டுப்பிரசுரமும்

கடந்த மாதம் பசறைக்கு அப்பாலுள்ள, நான் பிறந்து வளர்ந்த தோட்டத்துக்குப் போய் வந்தேன். என் மூத்த அக்காவுக்கு மாரடைப்பு. முப்பத்து நான்கு வருடங்கள் கொழுந்துக்கூடையோடு மலை ஏறி இறங்கியவர். எப்படியோ உயிர் தப்பி லயத்துக்குத் திரும்பியிருந்தார். வைத்தியசாலையில் கொடுத்தனுப்பிய துண்டுப்பிரசுரம் ஒன்றை என்னிடம் நீட்டினார். இதயத்துக்கு உகந்த உணவுகள் பற்றியது. ஒலிவ் எண்ணெய், ஓட்ஸ், வால்நட், சால்மன் மீன், ப்ரோக்கோலி என்று பட்டியல் நீண்டது. வெளிநாட்டில் எழுதப்பட்ட ஒன்றின் தமிழாக்கம் என்பது முதல் வரியிலேயே தெரிந்தது. கடைசி வரி, தினமும் முப்பது நிமிடம் நடக்கச் சொன்னது.

"ஏன் தம்பி, இதுல போட்டிருக்கிற சாமானெல்லாம் எந்தக் கடையில விக்கிறாங்க?" என்று அக்கா கேட்டார். அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே கேட்டார். முப்பது வருடமாகப் பத்திரிகையில் எழுதிப் பிழைப்பவனிடம் அதற்குப் பதில் இருக்கவில்லை. அந்தக் கூச்சமே இந்தப் பதிவை எழுத வைத்தது.

தோட்ட மக்களின் இரத்த அழுத்தத்தையும் சீனி வருத்தத்தையும் பற்றிப் பேச்செழுந்தால் படித்தவர்கள் சொல்லும் விளக்கம் ஒன்றுதான். "அவர்களுக்கு அறியாமை. மூன்று வேளையும் ரொட்டி, ஓயாமல் சீனித் தேநீர், பற்றாக்குறைக்குக் கருவாடு. சொன்னால் கேட்க மாட்டார்கள்." கொழும்பில் மருத்துவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன், நம்மிடையே படித்து மேலே வந்தவர்களும் சொல்கிறார்கள். இது பாதி உண்மை. மீதிப் பாதியை மறைப்பதால் முழுப் பொய்யைவிட ஆபத்தானது.

முதலில் ரொட்டியை எடுத்துக்கொள்வோம். கோதுமை மாவு ரொட்டி மலையக மக்களின் பாரம்பரிய உணவு என்று சிலர் பெருமையாகவே எழுதுகிறார்கள். தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து நடந்தும் கப்பலேறியும் வந்த நம் முன்னோர் உண்டது கேழ்வரகும் கம்பும் சாமையும். இங்கே வந்ததும் தோட்ட நிர்வாகம் அரிசி கொடுத்துச் சம்பளத்தில் கழித்துக்கொண்டது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பங்கீடு வந்தது. 1970களின் நடுவில் அரிசி அருகியபோது தோட்டங்களில் பட்டினிச் சாவுகளே நிகழ்ந்தன. அந்தப் பஞ்சத்தைக் கடந்து வந்தவர்களுக்குக் கையில் கிடைத்த மாவுதான் உயிர். 1980இல் திருகோணமலையில் பிரீமா மாவாலை இயங்கத் தொடங்கிய பின் மாவு எல்லாக் கடைகளிலும் நிறைந்தது. ஆகவே ரொட்டி நாம் தெரிவு செய்த உணவல்ல. நமக்கு அளந்து கொடுக்கப்பட்ட உணவு. அளந்து கொடுத்தவர்களே இப்போது, "ஏன் இதைத் தின்கிறாய்?" என்று கேட்கிறார்கள்.

அடுத்தது நேரம். காலையில் பெரட்டுக்குப் போகவேண்டிய பெண், இருட்டோடு எழுந்து தண்ணீர் பிடித்து, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கும் பிள்ளை மடுவத்துக்கும் தயார்செய்து, அதற்குள் இரண்டு வேளைக்கும் சமைத்துவிட வேண்டும். ஒருமுறை பிசைந்தால் காலைக்கும் ஆகும், மதியம் மலையில் வைத்துத் தின்னவும் ஆகும் என்பது ரொட்டி ஒன்றுதான். கூட ஒரு சம்பல் போதும். நான்கு கறி வைப்பதற்கு அவளுக்கு நாளில் நேரம் ஏது?

அடுத்தது காசு. ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்காக எத்தனை வருடம் போராடினோம்! 2021இல்தான் அது கிடைத்தது. மறு வருடமே நாட்டின் பொருளாதாரம் சரிந்து, மாவின் விலை பன்மடங்காகி, அந்த ஆயிரத்தை விழுங்கிவிட்டது. 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாய் ஆனது. ஊக்கத்தொகையும் சேர்த்து நாட்சம்பளத்தை 1750 ஆக்கும் யோசனை 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் வந்தது. இந்தக் கணக்கில் பழம், மீன், பருப்பு, பால் ஆகியவற்றுக்கு எவ்வளவு ஒதுக்கலாம் என்று துண்டுப்பிரசுரம் எழுதியவர் கணக்குப் போட்டுக் காட்டட்டும்.

ஊவாவின் வேடிக்கையைப் பாருங்கள். வெலிமடையிலும் பண்டாரவளையிலும் விளையும் மரக்கறி கெப்பெட்டிபொலயிலிருந்து லொறி லொறியாகத் தோட்டங்களைக் கடந்து கொழும்புக்குப் போகிறது. குரக்கனும் பயறும் மொனராகலையில் விளைகின்றன. ஜூலை முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்றில் விளையும் ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனி மரியாதை. அதைப் பறித்தவள் குடிப்பதோ தூள்தேயிலை. அதற்கு ருசி சேர்ப்பது சீனி ஒன்றுதான். அந்தச் சீனிக்கான கரும்பாலைகளும் இதே மாகாணத்தில்தான், பெல்வத்தையிலும் செவனகலையிலும் இருக்கின்றன.

நிற்க. உடலின் கதை இன்னும் ஆழமானது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதும் சுமார் 17 வீதம். தோட்டங்களில் சுமார் 32 வீதம். இங்கிலாந்தின் ஹேல்ஸும் பார்க்கரும் 1992இல் ஒரு கருதுகோளை முன்வைத்தார்கள். தாயின் வயிற்றிலேயே பட்டினி கிடந்த பிள்ளையின் உடல், கிடைப்பதைச் சேமித்துவைக்கப் பழகிவிடுகிறது. பின்னாளில் மாவும் சீனியும் தாராளமாகக் கிடைக்கும்போது, அதே பழக்கம் நீரிழிவாகவும் இதய நோயாகவும் திரும்பி வருகிறது. மலையில் வேலை செய்யும்வரை வியர்வை ஓரளவு காக்கிறது. ஓய்வு பெற்றாலோ, பிள்ளைகள் கொழும்புக் கடைகளில் நின்றுகொண்டு வேலை செய்யப் போனாலோ, உணவு அப்படியே இருக்க வியர்வை மட்டும் நின்றுவிடுகிறது. "ஒல்லியானவர்களுக்குச் சீனி வராது" என்று நம்மவர்கள் நம்புவதும் தவறு. தெற்காசிய ஆண்களுக்கு இடுப்பளவு 90 சென்ரிமீற்றரும் பெண்களுக்கு 80உம் எட்டினாலே எச்சரிக்கை என்பது மருத்துவ உலகின் கணக்கு.

அமெரிக்காவில் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரை அந்த நாட்டு அரசே தனியாக ஆராய்ந்தது. 2008க்கும் 2011க்கும் இடையில் நான்கு நகரங்களில் 16,415 பேரைச் சேர்த்தார்கள். ஒரே பெயரால் அழைக்கப்பட்ட அந்த மக்களிடையே நீரிழிவு, தென்னமெரிக்க வழியினரில் சுமார் 10 வீதமாகவும் மெக்சிக்க வழியினரில் சுமார் 18 வீதமாகவும் இருந்தது. குடியேறி வருடங்கள் கூடக்கூட நோய் கூடியது. வருமானமும் கல்வியும் கூடினால் குறைந்தது. இதில் அறியாமைக்கு எவ்வளவு பங்கு, கூலிக்கு எவ்வளவு பங்கு என்று நீங்களே சொல்லுங்கள். நம் நாட்டில் தோட்டத்துறை, சனத்தொகையில் 4 வீதத்தைச் சற்றே தாண்டியது. தேசிய சராசரி என்று சொன்னவுடன் நாம் கரைந்துபோகிறோம். பதுளை மாவட்டத் தோட்டங்களின் இரத்த அழுத்தத்தையும் சீனியையும் வருடாவருடம் தனியாக வெளியிட்டாலென்ன?

இன்னொன்று. 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டம் தொழிலாளியின் உடல்நலத்தைத் தோட்டத்தோடு கட்டிவைத்தது. தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசு பொறுப்பேற்பது 1990களில் தொடங்கி இன்னும் முடிந்தபாடில்லை. சுகாதார அமைச்சு 2011 முதல் நடத்தும் ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்களில் பரிசோதனை இலவசம். நல்ல திட்டம். ஆனால் அவை பெரும்பாலும் வேலைநாளின் காலையில்தான் நடக்கின்றன. அங்கே போகிறவளுக்கு அன்றைய பேர் விழாது. ஒருநாள் சம்பளத்தைக் கொடுத்துப் பெறும் பரிசோதனையை இலவசம் என்று எந்த அகராதி சொல்கிறது?

எனவே நான் கேட்பவை இவை. கொழுந்து நிறுக்கும் இடத்துக்கே பிரஷர் பார்க்கும் கருவி வரட்டும். கிளினிக் போகும் நாளுக்குப் பேர் போடப்படட்டும். பயிரிடாமல் காடேறிக் கிடக்கும் தோட்டக் காணியில் குடும்பத்துக்கு ஒரு துண்டாவது மரக்கறி போடக் கிடைக்கட்டும். சம்பளப் பேச்சுவார்த்தைக்குப் போகும் தொழிற்சங்கத் தலைவர்கள் மாவின் விலையோடு பருப்பின் விலையையும் கையில் எடுத்துக்கொண்டு போகட்டும்.

இதெல்லாம் நடக்கும்வரை நாம் கையைக் கட்டிக்கொண்டிருக்கலாம் என்பதல்ல என் வாதம். நாளைக்கு ஐந்து கோப்பைத் தேநீர், கோப்பைக்கு மூன்று கரண்டிச் சீனி என்றால் பதினைந்து கரண்டி, அதாவது ஏறத்தாழ 60 கிராம். உலக சுகாதார நிறுவனம் 50ஐத் தாண்டாதே, முடிந்தால் 25இல் நில் என்கிறது. உப்பு, எல்லாம் சேர்த்து ஐந்து கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி. கருவாட்டை நன்றாக ஊறவைத்துக் கழுவுவதற்கு எந்தத் துரையின் அனுமதியும் தேவையில்லை. மாவில் பாதிக்குக் குரக்கன் கலப்பதற்கும், வேலியோரத்து முருங்கைக்கீரையையும் வல்லாரையையும் சட்டியில் போடுவதற்கும் சட்டம் வேண்டியதில்லை. திருவிழா அன்னதானத்தில் ஒரு பயற்றங்கறி சேர்ந்தால் சாமி கோபிக்காது. மேசையில் உட்கார்ந்தே வயதான எனக்கும் சீனி இருக்கிறது. ஆகவே ஊருக்கு மட்டும் உபதேசம் செய்யவில்லை.

புறப்படும் நாளில் பசறைக் கடையில் குரக்கன் மாவு வாங்கிக் கொடுத்தேன். அக்கா பிசைந்து பார்த்து, "எங்க ஆத்தா இந்தக் களிதான் கிண்டிக் கொடுக்கும். நீ அப்ப கைப்பிள்ளை" என்றார். தேநீருக்குச் சீனி ஒரு கரண்டிதான் போட்டார். அடுத்த கிளினிக் புதன்கிழமை காலை. அன்றைக்கு அவரை அழைத்துப் போகவேண்டிய மருமகள் ஒரு பேரை இழப்பாள். யாரைக் குற்றம் சொல்வது என்று யோசிப்பவர்கள் அந்தப் புதன்கிழமையிலிருந்து தொடங்கட்டும்.