சாசனமும் ஏலமும்



மனிதர் யாவரும் சமமாகவே படைக்கப்பட்டுள்ளனர் என்னும் கருத்தை ஒரு நாட்டின் பிறப்புச் சாசனத்திலேயே பொறித்து வைத்தவர் தாமஸ் ஜெஃபர்சன். 1776 இல் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தை வரைந்தபோது அவருக்கு வயது 33. பின்னாளில் அந்நாட்டின் மூன்றாம் குடியரசுத் தலைவராகவும் விளங்கினார். அதே மனிதர்தாம் தம் வாழ்நாளில் அறுநூறுக்கும் மேற்பட்டோரை அடிமைகளாக வைத்திருந்தார்.

அடிமைத்தனத்தின் கொடுமையை அவர் அறியாதவரா? அல்லர். பிரகடனத்தின் வரைவில் அடிமை வணிகத்தைக் கண்டித்து எழுதினார். மாநிலப் பேராளர்களின் பேரவை அப்பகுதியை நீக்கிவிட்டது. வெளிநாடுகளிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவதைத் தடை செய்த 1807 ஆம் ஆண்டுச் சட்டத்தில் கையொப்பமிட்டவரும் அவரே. ஆயினும், வர்ஜீனியாவில் இருந்த அவரது மான்டிசெல்லோ பண்ணையின் வாயிற்படியை அந்த அறிவு தாண்டவில்லை.

அப்பண்ணையில் ஜோசப் ஃபாஸெட் என்றொரு கொல்லர் இருந்தார். அவருடைய துணைவி எடித், வாஷிங்டனில் குடியரசுத் தலைவர் மாளிகைச் சமையற்கூடத்தில் தொழில் பயின்றுகொண்டிருந்தார். 1806 இல் ஃபாஸெட் எவரிடமும் கூறாமல் வாஷிங்டன் சென்றார். ஜெஃபர்சனோ ஆளனுப்பி அவரைப் பிடிக்கச் செய்தார்.

1826 ஜூலை 4 அன்று, பிரகடனத்தின் ஐம்பதாம் ஆண்டு நிறைவு நாளில், ஜெஃபர்சன் மறைந்தார். அவர் விட்டுச் சென்ற கடன் ஒரு லட்சம் டாலருக்கும் அதிகம். அவரது உயில் ஐவருக்கு விடுதலை அளித்தது. ஃபாஸெட் அவர்களுள் ஒருவர். மனைவி மக்களுக்கோ விடுதலை இல்லை! 1827 ஜனவரியில் வீட்டுச் சாமான்களோடும் கால்நடைகளோடும் 130 மனிதர்கள் ஏலத்திற்கு வந்தனர். எடித்தும் பிள்ளைகளும் வெவ்வேறு கைகளுக்குப் போயினர். மகன் பீட்டருக்கு அப்போது வயது 11. பின்னர் ஃபாஸெட் பாடுபட்டு மனைவியையும் பிள்ளைகளில் சிலரையும் மீட்டார். பீட்டரோ நெடுங்காலம் அடிமையாகவே இருக்க நேர்ந்தது.

"அக்காலம் அத்தகையது" என்று சிலர் சமாதானம் கூறக்கூடும். அதே வர்ஜீனியாவில் பிறந்த எட்வர்டு கோல்ஸ் என்னும் இளைஞர், அடிமை ஒழிப்புக்குத் தலைமை ஏற்குமாறு 1814 இல் ஜெஃபர்சனுக்குக் கடிதம் எழுதினார். அது இளைஞர்களின் பணி என ஒதுங்கிக்கொண்ட ஜெஃபர்சன், தம் அடிமைகளைக் கைவிட வேண்டாம் என்று கோல்ஸுக்கே அறிவுரை கூறினார். கோல்ஸ் அதனை ஏற்கவில்லை. 1819 இல் இல்லினாய் செல்லும் வழியில் தம் அடிமைகளை விடுவித்து, நிலமும் வழங்கினார். காலம் இருவருக்கும் ஒன்றே, துணிவுதான் வேறு.

ஜெஃபர்சனின் சொல் பொய்யாகிவிட்டதா? இல்லை. அடிமைத் தளையிலிருந்து தப்பி வந்த ஃபிரடெரிக் டக்ளஸ் போன்றோர் பிற்காலத்தில் அச்சொல்லையே ஏந்தி நீதி கேட்டனர். எழுதியவரைவிட எழுத்து உயர்ந்து நின்றது. எனினும், அந்த உயர்வு ஏல மேடையில் நின்ற 11 வயதுச் சிறுவனுக்கு உதவவில்லையே!

வாசகர்களே, மேடையில் நாம் பேசும் சமத்துவத்தை அளக்கும் கோல் நம் வீட்டுக்குள்தான் இருக்கிறது. நம் அடுக்களையில் உழைப்பவரின் கூலியும், அவர் அமரும் இடமும், அவரை நாம் அழைக்கும் சொல்லுமே அந்த அளவுகோல். இன்றே ஒருமுறை அளந்து பார்ப்போமா?