சமதரைக்குச் செஞ்ச சக்கரம்

போட்டி ரோபோக்களில் மெக்கானம் சக்கரம் பாத்திருப்பீங்க. சுவீடன்காரர் பெங்ட் இலோன் 1970களில் காப்புரிமை எடுத்தது. விளிம்பு முழுக்க 45 பாகை சாய்வில் சின்னச் சின்ன உருளைகள். நாலு சக்கரத்தையும் நாலு மோட்டார் வேறவேற திசையில் சுத்தினா, ரோபோ திரும்பாமலே பக்கவாட்டில் நகரும். அழகுதான். ஆனா அது சமதரைக்காரன். திம்புள்ள மலையில் விட்டா உருளைக்குள்ள சேறு அடைச்சிக்கும், ஈரச் சரிவில் பிடிமானமும் போயிடும். அதே சரிவில்தான் எங்க அம்மாமார் கொழுந்து மூட்டையோட இறங்குறாங்க.

நான் ஆர்ட்ஸ் பேக்கல்டிதான், இருந்தும் சொல்றேன்: தோட்டப் பள்ளிகளுக்கு ரோபோ கிட் கொடுக்கிறவங்களே, போட்டித் தரையைக் கொஞ்சம் சாய்ச்சு, மண்ணைக் கொட்டி, தண்ணி தெளிச்சு வைங்க. கொழுந்தைச் சிந்தாம நிறுக்கிற இடம்வரைக்கும் இறக்கிற வண்டிக்குப் பரிசைக் கொடுங்க.