பிடித்த பணத்தைத் திருப்பிக் கொடு!

பதினேழு ரூபாய் எழுபது காசு. பணக்காரனுக்கு இது ஒரு தொகையல்ல. நடவு வேலை ஓய்ந்த மாதத்தில் ஒரு கூலிப் பெண்ணுக்கு இது ஒரு வேளைக் கஞ்சி. மாதத்தில் நான்கு தடவைக்கு மேல் பணம் எடுத்தாய் என்று சொல்லி, ஸ்டேட் பாங்கி ஏழைகளின் ஜன்தன் கணக்குகளிலிருந்து தடவைக்குத் தடவை பிடித்த தொகை இதுதான். கட்டணம் 15 ரூபாய். அதன் மேல் ஜி.எஸ்.டி. 2 ரூபாய் 70 காசு. கட்டணத்துக்கும் வரி!

ஏ.டி.எம்.மில் எடுத்ததை மட்டுமா எண்ணினார்கள்? கடையில் ரூபே கார்டைத் தேய்த்ததையும், யு.பி.ஐ.யில் அனுப்பியதையும் சேர்த்து எண்ணினார்கள். 2016 நவம்பரில் நோட்டுகளைச் செல்லாதாக்கிவிட்டு, ரொக்கத்தை விட்டுக் கார்டுக்கு வாருங்கள் என்று சர்க்கார் உபதேசம் செய்தது. அதை நம்பி வந்தவர்களிடம்தான் இந்த வசூல்.

இப்படி 2017 முதல் ஸ்டேட் பாங்கி வசூலித்தது 254 கோடி ரூபாய்க்கு மேல் என்று பம்பாய் ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆசிஷ் தாஸின் ஆய்வு 2021-ல் கூறியது. 2020 ஜனவரி 1 முதல் பிடித்ததைத் திருப்பித் தரும்படி மத்திய நேரடி வரிகள் வாரியம் 2020 ஆகஸ்டில் சொன்னது. சுமார் 90 கோடி திரும்பியது. மீதி 164 கோடி? நான்குக்கு மேல் கட்டணம் வாங்க விதி இடம் தருகிறதாம். டிசம்பர் 31-ல் பிடித்தது நியாயம், மறுநாள் பிடித்தது அநியாயமா?

ஜன்தன் அல்லாத கணக்குகளின் கதை இன்னும் மோசம். ஆலை மூடிச் சம்பளம் நின்றால், சில மாதங்களில் சம்பளக் கணக்கு சாதாரணக் கணக்காகிவிடும். உடனே குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று அபராதம்! 2017 ஏப்ரல் முதல் நவம்பர் வரை ஸ்டேட் பாங்கி இவ்வகையில் 1,771 கோடி சேர்த்தது. அவ்வாண்டு ஜூலை-செப்டம்பரில் அதன் லாபமே 1,581 கோடிதான். இல்லாதவனிடம் இல்லாமைக்காக வாங்கிய காசு! 2020 மார்ச்சில் அதைக் கைவிட்டார்கள். 2025-ல் இந்தியன் பாங்கி உள்படப் பல பொதுத்துறை பாங்கிகளும் கைவிட்டன. முன்பு பிடித்ததைப் பற்றி மூச்சில்லை.

தோழர்களே, பாஸ் புத்தகத்தைப் பதிவு செய்து வாங்கிப் படியுங்கள். 2015 ஏப்ரல் முதல் அமலான ரிசர்வ் பாங்கி விதி என்ன சொல்கிறது? முதலில் தகவல் தர வேண்டும். ஒரு மாத அவகாசம் தர வேண்டும். குறைந்த தொகைக்கு ஏற்றபடிதான் அபராதம் இருக்க வேண்டும். அபராதத்தால் கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது. இதில் எது மீறப்பட்டிருந்தாலும் கிளைக்கு மனுக் கொடுத்து ரசீது வாங்குங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் பாங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். காசும் வேண்டாம், வக்கீலும் வேண்டாம்.

ஆனால் ஒரு முட்டுக்கட்டை உண்டு. காலவரையறைச் சட்டத்தின் கெடு, பொதுவாக மூன்றாண்டு, தாண்டிய பின் கொடுத்த மனுவைக் குறைதீர்ப்பாளர் ஏற்பதில்லை. பிழைப்புக்கே அல்லாடியவன் அந்த நாளில் மனு எழுதிக்கொண்டா இருந்திருப்பான்? கேட்காமலே பிடிக்கத் தெரிந்த கம்ப்யூட்டருக்குக் கேட்காமலே திருப்பி வைக்கவும் தெரியும். யாரிடம், எந்தத் தேதியில், எவ்வளவு என்ற கணக்கெல்லாம் பாங்கியிடமே இருக்கிறது. பழைய பாக்கி முழுவதையும் கணக்கில் திருப்பிச் செலுத்தும்படி சர்க்கார் உத்தரவிட வேண்டும். ஆலைவாயிலிலும் சேரியிலும் தொழிற்சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் பாஸ் புத்தகங்களைத் திரட்டி, பிடித்த தொகைகளைப் பட்டியல் எழுதும் வேலையை இந்த வாரமே தொடங்கட்டும்.