அடுக்களைக்கு உரிய இடம்

கூடமும் படுக்கையறையும் போக எஞ்சும் மூலையையே நாம் அடுக்களைக்கு ஒதுக்குகிறோம். மூங்கில்துறைப்பட்டுச் சிறுவீடுகளிலும் இதுவே வழக்கம்.

1926இல் செருமனியின் பிராங்க்பர்ட் நகரக் குடியிருப்புகளுக்கென மார்கரெட் ஷுட்டே லிஹோட்ஸ்கி என்னும் பெண் கட்டடக் கலைஞர், ஏறத்தாழ 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமும் உடைய அடுக்களையை வகுத்தார். பணிக்கு ஆகும் நேரத்தையும் எடுத்துவைக்கும் அடிகளையும் கணக்கிட்டே அடுப்பும் கழுவுதொட்டியும் அமைந்தன. சுமார் 10,000 வீடுகளில் அவ்வமைப்பு இடம்பெற்றது. எனினும் அது ஒருவர் நின்று பணிசெய்யவே போதும்.

நம் வீட்டு முறையோ வேறு. ரமலானில் மாமியார் நோன்புக்கஞ்சியைக் கிளற, மருமகள் அரிவாள்மணையுடன் தரையில் அமர வேண்டும். அவ்விருவரும் நோன்பு நோற்றவாறே அனலருகில் இருப்பவர்கள் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆதலின் வரைபடம் தீட்டுமுன் அவர்களையே கேட்டல் வேண்டும். மேடையின் உயரமும் கொத்தனாரின் வழக்கப்படி அன்று, சமைப்பவரின் முழங்கையைக் கொண்டே அளக்கப்பட வேண்டும்.